மே மாதம் யாருடையது? ஓசூர்ப் பகுதிக் கோடை வகுப்புகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது நல்ல காரியம் என்பதில் நம்மில் யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. எனக்கும் இருந்ததில்லை. சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது பத்து வயதுப் பெண் ஒருத்தி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலையில் இருந்தேன். அறிவொளி இயக்கத்தின் வேகம் குறைந்துவிட்டாலும் அதில் வேலை செய்தவர்களுக்கு உற்சாகம் குறையாத காலம். நண்பர்கள் சிலர் சேர்ந்து சூளகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில், பள்ளிக்கூட வராந்தாவில், மே மாதம் மூன்று வாரம் கோடை வகுப்பு நடத்துவதென்று முடிவு செய்தோம். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது படிக்கிற, ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் 23 பேர் வந்தார்கள். கருவிக்குச் செலவு ஆகக் கூடாது, உள்ளூரில் கிடைப்பதாக இருக்க வேண்டும், பிள்ளைகளின் கைக்கு வேலை இருக்க வேண்டும். இதெல்லாம் அறிவொளியில் நாங்கள் கற்ற பாடம். அந்த ஊரில் கொட்டிக் கிடந்தது புளியங்கொட்டை. தரையில் சாக்கட்டியால் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, அதன்மேல் கொட்டைகளை அடுக்கச் சொன்னேன். அனா ஆவன்னாவில் தொடங்காமல், எழுத எளிதான ட, ப, ம என்று தொடங்கினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண் கையை உதறிவிட்டுக் கேட்டாள்: "வூட்லயும் இதான், இங்கயும் இதானா சார்?"

அவளுடைய விரல்களை அப்போதுதான் பார்த்தேன். நுனியெல்லாம் கறுத்து, நகக்கண்ணில் வெடிப்பு. மாசி தொடங்கி வைகாசி வரைக்கும் இந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுத் திண்ணைகளில் நடக்கிற வேலை புளி தட்டுவது. வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. செய்கிறவர்கள் பெண்கள், கிழவிகள், லீவில் இருக்கிற பிள்ளைகள்.

இரண்டாவது வாரம் 23 பேர் 9 பேர் ஆனார்கள். சிலர் மாந்தோப்புக்குப் போய்விட்டார்கள். சிலர் அப்பா அம்மாவோடு பெங்களூர்க் கட்டட வேலைக்கு. இரண்டு பெண் பிள்ளைகள் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. முகாம் முடிந்து அறிக்கை எழுதும்போது, வருகை குறைந்ததற்குக் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோருக்குப் போதிய அக்கறையில்லை' என்று எழுதினேன். அப்படி எழுதுவதுதான் அன்றைக்கு வழக்கம். அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இந்தக் கட்டுரை.

2

விடுமுறை என்பது இயற்கையானது போலத் தோற்றம் தருகிறது. வெயில் அடிக்கிறது, பள்ளிக்கூடம் மூடுகிறது. ஆனால் காலத்தை எப்படித் துண்டு போட்டு யாருக்கு எந்தத் துண்டைக் கொடுப்பது என்பது எல்லாச் சமூகங்களிலும் அதிகாரம் சம்பந்தப்பட்ட விஷயம். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967-ல் எழுதிய கட்டுரையொன்றில், வேலையைப் பார்த்து நேரத்தைக் கணித்த உழைப்பாளிகளை முதலாளியம் எப்படிக் கடிகாரத்துக்குப் பழக்கியது என்று காட்டினார். அதில் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு இருந்தது என்றார். அவர் பேசியது வேலை நேரத்தை. பள்ளி தன் கையிலிருந்து விட்டுவிடுகிற நேரத்தைப் பற்றியும் நாம் பேச வேண்டியிருக்கிறது.

நம்முடைய திண்ணைப் பள்ளிகளில் சந்திரனைப் பார்த்து லீவு விட்டார்கள். அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி. உவா என்ற பழைய சொல் பிள்ளைகள் வாயில் 'வாவு' ஆகி, பள்ளி இல்லாத நாளைக் குறித்தது. ஒரேயடியாக ஒன்றரை மாதம் கதவடைக்கிற ஏற்பாடு அங்கே கிடையாது. முதலில் மணலில் விரலால் எழுத்து. கை பழகிய பிறகு ஓலையும் எழுத்தாணியும். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும், சட்டாம்பிள்ளை மேற்பார்ப்பான். 1789-லிருந்து 1796 வரை சென்னையில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் விடுதிக்குக் கொண்டுபோனார். பிள்ளையை வைத்தே பிள்ளைக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் எழுத்து போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

இதைச் சொல்லும்போது பழம்பெருமையில் வழுக்கி விழும் ஆபத்து உண்டு. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி 1792-ல் திப்புவிடமிருந்து கும்பினியார் கைக்குப் போனது. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு ஓசூரும் போனது. பாராமகாலில் அப்போது வரிவசூல் வேலை பழகிய இளம் அதிகாரி தாமஸ் மன்றோ. அவரே பின்னாளில் சென்னை கவர்னராகி, 1822-ல் மாகாணம் முழுக்க உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-ல் அவர் தொகுத்த குறிப்பின்படி 12,498 பள்ளிகள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒன்று. இந்த ஆவணங்களை 1983-ல் நூலாக வெளியிட்ட தரம்பால், வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பு நம்மிடம் கல்வி செழித்திருந்தது என்பதற்கு இதைச் சான்றாக வைத்தார். பள்ளிகளில் சூத்திரச் சாதிப் பிள்ளைகள் கணிசமாக இருந்தார்கள் என்பது அந்த அட்டவணைகளில் உண்மைதான். ஆனால் அதே அட்டவணையில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தேடிப் பார்க்க வேண்டும். பறையருக்கும் சக்கிலியருக்கும் ஒரு கட்டம்கூட இல்லை, 'இதர சாதிகள்' என்ற கட்டம்தான் என்பதையும் பார்க்க வேண்டும். பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-ல் அனுப்பிய அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகள் தங்களுக்கு விளங்காத செய்யுள் மொழியை மனப்பாடம் செய்கிறார்கள், வாசிப்பதன் பொருள் அவர்களுக்குத் தெரிவதில்லை என்கிறார். கும்பினி அதிகாரியின் கண்ணுக்கு அவருக்கே உரிய கோளாறுகள் உண்டு. ஆனாலும், எழுத்தைப் படிப்பது வேறு, படித்தது புரிவது வேறு என்ற பிரச்சினை இன்றைக்கும் ஓசூரில் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சந்திரனைப் பார்த்த வாவு போய், காலனிய அரசின் காலண்டர் வந்தது. சென்னை மாகாண அரசாங்கம் கோடையில் ஃபைல் கட்டுகளோடு உதகமண்டலத்துக்கு ஏறும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை, காலேஜுக்கு விடுமுறை, பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை. ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளிப் பக்கம் மே மாதத்திலும் ராத்திரி போர்வை கேட்கும். இங்கே மே என்பது வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடக்கிற மாதம் இல்லை, வேலை மிகுந்த மாதம். புளி முடிகிற நேரம், மாங்காய் தொடங்குகிற நேரம், கோடை மழைக்கு ஏர் பூட்டுகிற நேரம், அடைமழைக்கு முன்னால் பெங்களூரில் கட்டடங்களுக்கு அவசர அவசரமாகக் கூரை போடுகிற நேரம். பள்ளியின் ஓய்வுக் காலமும் வேலையின் உச்சக் காலமும் பல் சக்கரம்போல ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 2010-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் என்கிறது. மிச்சம் 165 நாள். அந்த நாட்களில் குழந்தை யாருக்குச் சொந்தம்?

3

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்களில் முக்கியமான ஒருவர் எங்கள் ஊர்க்காரர். ஓசூரையடுத்த தோரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி. ஓசூரில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குப் போய், பிறகு சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போய் வக்கீல் ஆனவர். முதலமைச்சராக இருந்தபோது 1953 ஜூனில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அவர் கொண்டுவந்த திட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பள்ளி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். மீதி நேரத்தில் ஆண் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழக வேண்டும், பெண் பிள்ளை வீட்டுவேலை. அரசிடம் பணம் இல்லை, இரண்டு முறை வைத்து நடத்தினால் இருக்கிற கட்டடத்திலும் ஆசிரியரிலும் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் தரப்பு வாதம். கைத்தொழிலைக் கேவலமாக நினைக்கிற படிப்பாளி மனோபாவத்தை இது மாற்றும் என்றும் சொன்னார். பெரியார் அதற்கு வைத்த பெயர் 'குலக்கல்வித் திட்டம்'. எல்லா விளக்கங்களையும் அந்த ஒரு சொல் அடித்துத் தள்ளிவிட்டது. ஏனென்றால் தகப்பன் தொழில் என்பது இந்த நாட்டில் தொழில் மட்டும் இல்லை, சாதி. சட்டமன்றத்தில் ஆதரவும் எதிர்ப்பும் சமமாக நிற்கும் அளவுக்கு விவகாரம் முற்றியது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் ஆட்சி வந்ததும் மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த வெற்றியை நாம் சரியாகவே கொண்டாடுகிறோம். ஆனால் அன்றைக்கு மீட்கப்பட்டது நாளின் பிற்பகுதி மட்டும்தான். ஆண்டின் அந்த ஒன்றரை மாதம் யார் கண்ணிலும் படாமல் அப்படியே தகப்பன் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. திட்டம் என்று ஒன்று போட்டால் எதிர்க்கலாம். திட்டமே இல்லாமல் நடப்பதை எதிர்க்க நமக்குத் தோன்றவில்லை.

திட்டமே இல்லாமல் நடந்ததற்குச் சட்ட வடிவம் 2016-ல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு அந்த ஆண்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம், 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை எல்லாத் தொழில்களிலும் தடை செய்கிறது. 1986 சட்டத்தில் சில தொழில்களுக்கு மட்டுமே இருந்த தடை எல்லாவற்றுக்கும் விரிந்தது என்பது நிச்சயமாக முன்னேற்றம். ஆனால் கூடவே ஒரு விலக்கு. அபாயகரமானதல்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை 'உதவி' செய்யலாம், பள்ளி முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும். குடும்பம் என்பதற்கு அப்பா அம்மா, அண்ணன் தங்கை மட்டுமில்லாமல் பெற்றோருடன் பிறந்தவர்களும், அதாவது சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி எல்லோரும் அடக்கம் என்று சட்டமே விளக்கம் தருகிறது. 1953-ல் அரசாணையாக வந்ததைத் துரத்தினோம். 2016-ல் அது விதிவிலக்காக வந்து உட்கார்ந்துகொண்டது.

புளி தட்டுகிற திண்ணையை இந்தச் சட்டத்தின் முன் வைத்துப் பாருங்கள். வீடு அவர்களுடையது, திண்ணை அவர்களுடையது, தட்டுகிற கை அவர்களுடையது. புளி மட்டும் வியாபாரியுடையது. இது குடும்பத் தொழிலா, கூலி வேலையா? சட்டத்தின் கண்ணில் அம்மாவுக்கு மகள் ஒத்தாசை. சந்தையின் கணக்கில் அது மலிவான கூலி. என் பழைய அறிக்கையில் 'பெற்றோருக்கு அக்கறையில்லை' என்று நான் எழுதியபோது, இந்த முழு ஏற்பாட்டையும் ஒரு தாயின் தலையில் இறக்கி வைத்திருக்கிறேன்.

4

கோடையைக் கைப்பற்றிப் பார்த்தவர்கள் வேறு இடங்களில் இருந்திருக்கிறார்கள். 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மாணவர்கள் இறங்கியபோது, கூடவே நாற்பதுக்கும் மேற்பட்ட 'விடுதலைப் பள்ளி'களைத் தொடங்கினார்கள். தேவாலயத்திலும் மரத்தடியிலும் வகுப்புகள். இரண்டாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் படித்தார்கள். வாசிப்பும் எழுத்தும் கறுப்பர் வரலாறும் பாடம். பிள்ளைகள் தாங்களே செய்தித்தாள் தயாரித்தார்கள். அங்கே சில பகுதிகளில் கறுப்பினப் பள்ளிகளின் காலண்டர் எப்படி இருந்தது என்பது நமக்கு முக்கியம். இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் பருத்தி எடுக்கப் போக வேண்டும் என்பதற்காகவே பள்ளியை அப்போது மூடி, கோடையில் நடத்தினார்கள். வெள்ளைப் பிள்ளைக்கு லீவு வெயிலைப் பார்த்து வந்தது, கறுப்புப் பிள்ளைக்குப் பருத்தியைப் பார்த்து. நமக்கு மாங்காயையும் புளியையும் பார்த்து வருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இத்தாலியின் பார்பியானா மலைக்கிராமத்தில் பாதிரியார் லொரென்சோ மிலானி நடத்திய பள்ளிக்கு விடுமுறையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, கோடையிலும் உண்டு. பள்ளியில் தோற்றுத் திரும்பிய உழவர் வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து 1967-ல் ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் தமிழிலும் வந்திருக்கிறது. பணக்காரப் பிள்ளைக்கு விடுமுறையிலும் வீட்டில் புத்தகமும் பேச்சும் பயணமும் உண்டு, எங்களுக்கு விடுமுறை என்றால் படித்ததை மறக்கிற காலம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பின்னாளில் அமெரிக்க ஆய்வாளர்கள் அட்லாண்டாவிலும் பால்டிமோரிலும் புள்ளிவிவரங்களோடு சொன்னதும் பெரும்பாலும் இதுதான். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறையச் சேர்ந்தே முன்னேறுகிறார்கள், இடைவெளி விழுவது கோடையில்.

பக்கத்திலேயே ஒன்று உண்டு. அன்றைய ஆந்திரத்தின் ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹாவின் எம்.வி. பவுண்டேஷன் 1991 முதல் கொத்தடிமைப் பிள்ளைகளை முகாம்களில் தங்கவைத்து, எழுத்து பழக்கி, வயதுக்கேற்ற வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பள்ளியில் இல்லாத ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளியே என்பது அவர்கள் எடுத்த நிலை. வீட்டுவேலை, மாடு மேய்ப்பு, தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம். ஏழைப் பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை என்ற வாதத்தை அவர்கள் ஏற்கவே இல்லை.

ஒரு எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கு விளையாட நேரம் வேண்டாமா, கோடையையும் வகுப்பாக்குவது இன்னொரு அடக்குமுறை இல்லையா என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாகவே சொல்கிறது. இந்தியாவும் 1992-ல் அதை ஏற்றது. ஆனால் அந்த ஓய்வு யாருக்கு வாய்க்கிறது என்பதுதான் பிரச்சினை. ஓசூர் நகரத்தில் மே மாதம் பிறந்தால் அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ஸ்கேட்டிங், நீச்சல் என்று கோடை முகாம் விளம்பரங்கள் தொங்குகின்றன. அந்தப் பிள்ளைகளின் விடுமுறையில் பீஸ் கட்டின விளையாட்டு இருக்கிறது. மறுபுறத்தில் இருப்பது வேலை. நாங்கள் கோடை வகுப்பு வைத்ததால் போனது பிள்ளைகளின் விளையாட்டு இல்லை. அவர்களில் பலருக்கு அந்த வராந்தாவில்தான் விளையாட்டே கிடைத்தது. எனவே புளியங்கொட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு மணலுக்கே திரும்பினோம். மணலில் எழுதினால் அழித்து விளையாடலாம். தப்பும் தடயமில்லாமல் போகும்.

5

எந்த எழுத்தை, எந்த மொழியில் என்பது அடுத்த சிக்கல். எங்கள் பகுதியில் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், சந்தையில் தமிழ், பக்கத்து வீட்டில் உருது என்று ஒரே பிள்ளை ஒரே நாளில் மூன்று மொழி பேசும். 1956 மாநிலச் சீரமைப்பில் ஓசூர் யாருக்கு என்று இழுபறி நடந்த பகுதி இது. ஊர்ப் பெயர்ப் பலகைகளிலேயே பள்ளி, ஹள்ளி, அள்ளி என்று மூன்று விதமாகப் பார்க்கலாம். தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகள் அரசே நடத்துகிறது. 2006-ன் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கி, 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, சிறுபான்மை மொழி மாணவர்கள் தேர்வில் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போக வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் வாழ்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நாம் சறுக்குகிறோம்.

ஒரு கோடையில் பையன் ஒருவனிடம் ஊரில் பார்த்ததை எழுதச் சொன்னேன். 'எங்க தோட்டத்தில் பாவி இருக்கு' என்று எழுதியிருந்தான். கூட இருந்த நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். தோட்டத்தில் எந்தப் பாவிடா, உங்க மாமனா? பையன் முகம் சுருங்கிப் போனது. தெலுங்கிலும் கன்னடத்திலும் கிணற்றுக்குப் 'பாவி' என்று பெயர், முதல் எழுத்தை அதிர்ந்து சொல்ல வேண்டும். அந்த ஒலிக்குத் தனி எழுத்துத் தமிழில் இல்லை. தனக்குத் தெரிந்த சொல்லை, தான் கற்ற எழுத்தில், இலக்கணப்படி பார்த்தால் மிகச் சரியாகவே எழுதியிருக்கிறான். தப்பு அவனுடையது இல்லை. அவன் வீட்டு மொழி தெரியாமல் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போன எங்களுடையது. கேம்ப்பெல் 1823-ல் பார்த்த பிள்ளைகள் புரியாத செய்யுளை ஒப்பித்தார்கள். எங்கள் வராந்தாவில் ஒருவன் புரிந்ததை எழுதினான், நாங்கள் அதைப் பிழை என்றோம்.

அதன் பிறகு பலகையை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் வீட்டுச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல். பாவி, கிணறு. இரண்டையும் தமிழ் எழுத்திலேயே எழுதுவது. தெலுங்குப் பள்ளியில் படிக்கிற பிள்ளை வந்தால் தெலுங்கு எழுத்தில் அவனே எழுதிக் காட்டுவான், நாங்கள் அவனிடம் கற்றுக்கொள்வோம். இது ஒன்றும் பெரிய தத்துவமில்லை. பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-ல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுத்துக் கற்றுக் கொடுத்தபோது, கற்பவர்களின் வாழ்க்கையிலிருந்தே சொற்களைப் பொறுக்கினார். அவர் எடுத்த சொற்களில் பேர்பெற்றது 'செங்கல்'. கட்டட வேலை செய்கிறவனுக்குச் செங்கல். எங்களுக்குப் பாவி, மாங்கா, மூட்டை, தராசு. இப்போது சிப்காட் குடியிருப்புகளில் ஒடியாவும் இந்தியும் பேசுகிற தொழிலாளர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பலகையை இன்னும் எத்தனையாகப் பிரிப்பது என்ற கேள்வி எங்கள் முன்னால் நிற்கிறது.

6

தராசு என்ற சொல்லில்தான் மாட்டிக்கொண்டோம்.

மறு கோடையில் வகுப்பைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றி, பள்ளி வராந்தாவிலிருந்து தெருவிளக்கடிக்குக் கொண்டுவந்தோம். வருகை கூடியது. வேலை முடிந்து வருகிற பிள்ளைகளை அப்படியே ஏற்றுக்கொண்டோம் என்பது இதன் பொருள். வேலையை எதிர்க்கவில்லை, அதற்கு ஒதுங்கி இடம் கொடுத்தோம். எம்.வி. பவுண்டேஷன்காரர்கள் இரவுப் பள்ளிகளைச் சந்தேகத்தோடு பார்ப்பது ஏன் என்று எனக்குப் புரிந்தது பிற்பாடுதான்.

புளியங்கொட்டைக் கேள்வி கேட்ட அதே பெண் இப்போது வாக்கியம் எழுதத் தொடங்கியிருந்தாள். தினமும் நடந்ததை இரண்டு வரி எழுதி வரச் சொல்லியிருந்தோம். அவள் எழுதி வந்தது புளிக் கணக்கு. இன்றைக்கு இத்தனை கிலோ தட்டினோம், அம்மா இவ்வளவு, நான் இவ்வளவு, பாட்டி இவ்வளவு. நாங்கள் குதூகலித்தோம். எழுத்து வாழ்க்கையோடு சேர்ந்துவிட்டது என்று தோழர்களிடம் பெருமையாகச் சொன்னோம். வாரக் கடைசியில் ஆள் கூலி கொடுக்க வந்தபோது, அவள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இதுல வேற இருக்குண்ணா" என்று சொல்லியிருக்கிறாள். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு மட்டும் மூட்டை இறங்கவில்லை.

அவளுடைய அம்மா தெருவிளக்கடிக்கு வந்தார். கோபத்தில் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எழுத்து சொல்லித் தர்றேன்னு சொன்னீங்க சார். கணக்குக் கேக்கச் சொல்லித் தர்றேன்னு சொல்லலையே. ஒரு வாரம் அடுப்புக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். பதில் இல்லை. எழுத்தறிவு விடுதலை தரும் என்று மேடையில் சொல்வோம். அந்த விடுதலையின் முதல் தவணையை யார் கட்டுவது என்று சொல்வதில்லை. மாதச் சம்பளக்காரனான நான் அதைக் கட்டவில்லை. மிசிசிப்பியில் வாக்காளர் பட்டியலில் பெயர் எழுதப் போனவர்கள் வேலையை இழந்தார்கள், வீட்டை இழந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு இயக்கம் நின்றது. எங்கள் தெருவிளக்குக்குப் பின்னால் என்ன நின்றது? புளி தட்டும் பெண்களுக்கென்று ஒரு சங்கம்கூட அந்த ஊரில் இல்லை. ஆலைக்குள் சங்கம் வைத்திருந்த எங்களுக்கு, திண்ணையில் நடப்பதும் வேலைதான் என்று தோன்றாமலே போயிருந்தது.

இன்றைக்கு அரசே இந்த வேலையைக் கையில் எடுத்திருக்கிறது. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருவுக்குத் தெரு சாயங்கால வகுப்பு எடுத்தார்கள். 2022-ல் எண்ணும் எழுத்தும் வந்தது. தேவை இருந்தது என்பதில் ஐயமில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் தமிழ்நாட்டில் 2018-ல் நூற்றுக்குப் பத்துப் பேர், 2022-ல் ஐந்துக்கும் கீழே என்று அசர் ஆய்வு சொன்னது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டம் 71 சொச்சத்தில் நின்றது. இந்த முயற்சிகளைக் கேலி பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் வாசிப்புத் திறனை அளக்கிற எந்த அட்டவணையிலும் 'மே மாதம் பிள்ளை எங்கே இருந்தது' என்ற கட்டம் இல்லை. மன்றோவின் அட்டவணையில் சிலருக்குக் கட்டம் இல்லாமல் போனது மாதிரிதான் இதுவும். அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது, 2016 திருத்தத்தின் விடுமுறை விலக்கை எதிர்ப்பது, திண்ணை வேலைக்குக் கூலி நிர்ணயம் கேட்பது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு வெறும் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கோடை வகுப்புக்குப் போகிறவர்கள், அந்த அம்மாவின் கேள்விக்குப் பதிலைத் தயார் செய்துகொண்டு போவது நல்லது.

இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடி மூட்டை இறங்கியது. என்ன பேசி இறங்கியது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. மகளை அந்த அம்மா வகுப்புக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவார் என்று நினைத்தோம். நிறுத்தவில்லை. அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கையிலிருந்த நோட்டை என்னிடம் நீட்டினார். "படிக்கட்டும் சார். நோட்டு மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.